அவன் பேரில் இருந்த அவள் நம்பர்

“வேற நம்பர் ஒண்டு எடுங்களன்” என்று யாராவது சொல்லிக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் உச்சி மண்டைக்கு ஏறும். சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஏறும். கடைக்கு வருகிறவர்களில் ஒருவர் வாய் தவறி அப்படிச் சொல்லிவிட்டால், போட்டோக்கொப்பி எடுக்கக் கொடுத்த தாளைக் கையில் பிடித்தபடியே பாடம் நடத்தத் தொடங்கிவிடுவேன். “மாமிக்கு விசர்” என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் கடை வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், பெரிய வீதியோடு இருக்கிறது. பலகையில் தொலைத்தொடர்பு நிலையம் என்று எழுதியிருந்தாலும் சனத்துக்கு அது ‘கொமினிகேசன்’தான். வெளிநாட்டுக்குக் கதைக்க ஆட்கள் மரப்பெட்டிக்கு வெளியே வரிசையில் நின்ற காலத்தில் தொடங்கியது. இப்போது போனுக்குக் காசு போடுகிற ரீலோட், போட்டோக்கொப்பி, விண்ணப்பப் படிவம், புது சிம் என்று ஓடுகிறது. எத்தனை சிம் பதிந்து கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்தப் பதிவில் நான் விட்ட பிழையைத்தான் எழுதுகிறேன். அப்போது அது பிழை என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதைச் சாட்டாகச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். காணி உறுதிப் பத்திரம் அவள் பேரில் எழுதப்படும், கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் இருப்பார். வெளியூர்க்காரர் யாரும் கேட்டால் இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வோம். எங்கட பொம்புளைகளை ஒருத்தரும் நடுத்தெருவில் விட ஒண்ணா என்போம். அதே வாயால் இன்னொன்றும் சொல்வோம்: வீடு தேடி வந்த மனுசனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆகவே வீட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் பேர்தான் ஏறும். மோட்டார் சைக்கிளில் அவர் பேர், வயல் வட்டையில் நெல் விதைக்கிற பதிவில் அவர் பேர், போன் நம்பரிலும் அவர் பேர். இதை யாரும் கட்டாயப்படுத்திச் செய்யவில்லை. பெண்ணைப் பெற்றவர்கள்தான் முந்திக்கொண்டு செய்தார்கள்.

அவளும் அப்படித்தான் என் கடைக்கு வந்தாள். மண்டூருக்கு அங்கால், வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு ஊர். வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அந்தப் பாதையில் ஏறி, இந்தப் பக்கம் சாமான் வாங்க வந்தபோது கல்யாணச் சரசரப்பு மாறாத சேலையோடு என் மேசைக்கு முன்னால் நின்றாள். பக்கத்தில் புது மாப்பிள்ளை, பின்னால் அவளுடைய தாய். அவளுக்கு ஒரு சிம் வேண்டும். அடையாள அட்டையைக் கேட்டேன். அவள் பையைத் திறந்து தன்னுடையதை நீட்டினாள். தாய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“மருமகன்ட ஐடென்டியக் குடுக்கச் சொல்லு புள்ள. வீடு வளவெல்லாம் உன்ட பேர்லதானே இரிக்கு. இதாவது அவர்ட பேர்ல கிடக்கட்டும்.”

“அதுவும் சரிதான்” என்று சொல்லி நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் அட்டையை வாங்கி, எண்ணைப் பதிந்து, சிம்மை அவளுடைய போனில் போட்டுக் கொடுத்தேன். நல்ல நம்பர், மனதில் நிற்கும் என்றுகூடச் சொன்னேன்.

இப்போது சோடியாக யார் வந்தாலும், பாவிக்கப் போவது பெண் என்றால் அவளுடைய அட்டையைத் தவிர வேறெதையும் கையால் தொட மாட்டேன். தாய்மார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். மரியாதை தெரியாத பொம்புளை என்பார்கள். மரியாதைக்குத்தான் தலையில் தையல் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று திருப்பிச் சொல்லுவேன். ஏற்கெனவே மாப்பிள்ளையின் பேரில் எடுத்தவர்களிடம், மனுசன் சந்தோசமாக இருக்கிற நாளாகப் பார்த்து, இரண்டு பேருமாகப் போய் மாற்றிவிடுங்கள் என்கிறேன். அடி விழத் தொடங்கிய பிறகு ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான்.

அன்றைக்கு சிம் எடுத்தவளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. தாயும் இடையில் செத்துப்போனாள். ஒரே ஒரு தங்கை. தங்கையின் புருசன் விட்டுவிட்டுப் போனவன், ஆகவே தங்கை தன் மகளை இவளிடம் ஒப்படைத்துவிட்டுக் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். சின்னவளுக்கு இப்போது ஆறு வயது. அந்த வீட்டு மேடம் தங்கையின் போனை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாளாம். வெள்ளிக்கிழமைகளில், நம் நேரம் பின்னேரம் மூன்று மணிபோல, தன் போனைக் கொடுத்து ஐந்து நிமிடம் கதைக்க விடுவாள். எடுக்கிற நம்பர் இங்கே திரையில் விழாது, திருப்பி எடுக்க வழியில்லை. தங்கைக்கு உலகத்தில் மனப்பாடமாகத் தெரிந்த நம்பர் ஒன்றே ஒன்று. அது அக்காவின் நம்பர்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தால் சின்னவள் முகம் கழுவி, தலை சீவி, பவுடர் போட்டு உட்கார்ந்துவிடுவாளாம். அம்மாவுக்குக் குரல் மட்டும்தான் கேட்கும், முகம் தெரியாது என்று எத்தனை தரம் சொன்னாலும் சீவாமல் கதைக்க மாட்டாள்.

அவன் அடிப்பது ஊருக்கே தெரிந்த விசயம். எனக்கும் அரைகுறையாகத் தெரியும். மற்றவன் பிள்ளைக்குச் சோறு போடுகிறாய் என்று அடிப்பான், அவளிடம் உடுப்புத் தைக்கத் துணி கொண்டு வருகிறவர்களோடு கதைத்தாய் என்று அடிப்பான், சும்மாவும் அடிப்பான். அவளுடைய வீட்டில், அவளுடைய தாய் கட்டிக் கொடுத்த சுவருக்குள் வைத்து அடிப்பான். கடைசியாக அடித்ததில் புருவத்துக்கு மேலே பிளந்து ஐந்து தையல். விடிந்ததும் சின்னவளைக் கையில் பிடித்துக்கொண்டு முதல் பாதையில் ஏறி இந்தப் பக்கம் வந்து, தாயின் தங்கையான சின்னம்மாவின் வீட்டில் தங்கிவிட்டாள். கொண்டு வந்தது ஒரு பையும் அந்தப் போனும்தான். வீட்டுச் சொந்தக்காரி வெளியே, வந்தவன் உள்ளே. இதை எழுதும்போது பேனை தாளைக் கிழிக்கிறது.

மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலையில், கடைக்கு வந்தாள்.

“மாமி, போன் வேலை செய்யுதில்ல. சிக்னல் ஒண்டும் வருதில்ல. ஒருக்காப் பாருங்க.”

சிம்மைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். என் போனில் போட்டுப் பார்த்தேன். செத்த சிம். ஏதும் கோளாறாக இருக்கும் என்று நினைத்து என் போனிலிருந்து அவள் நம்பரை அடித்தேன். மணி போனது. அவள் போன் மேசையில் சத்தமில்லாமல் கிடக்க, மணி வேறெங்கோ போனது.

“ஹலோ, ஆரு?” என்றது அவன் குரல்.

நான் வெட்டிவிட்டேன். அவளுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை, என் முகத்திலேயே பார்த்துக்கொண்டாள். அவன், போன் தொலைந்துபோய்விட்டது என்று சொல்லித் தன் அடையாள அட்டையோடு கம்பனிக்குப் போய், பத்து நிமிடத்தில் அதே நம்பருக்குப் புது சிம் எடுத்திருக்கிறான். அவன் பேரில் இருக்கிற நம்பர், அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். இது எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நானே எத்தனை பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன்.

“நாளைக்கு வெள்ளிக்கிழமை மாமி” என்றாள்.

அடுத்த நாள் மூன்று மணிக்கு நான் சின்னம்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன், எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. சின்னவள் தலை சீவி உட்கார்ந்திருந்தாள். போன் வேலை செய்யாது என்று சொல்லியும் அம்மா எப்படியும் எடுப்பா என்று பிடிவாதம். நாலரை மணி வரை இருந்தாள். நான் வீட்டுக்கு வந்து சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுப் படுத்தேன்.

சனிக்கிழமை காலையில் அவனுக்குப் போன் எடுத்தேன். மரியாதையாகத்தான் தொடங்கினேன்.

“தம்பி, அது அவள்ட நம்பர். தங்கச்சி எடுக்கிற நம்பர். உனக்கு அத வச்சு ஒரு பிரயோசனமும் இல்ல.”

“மாமி, அது என்ட பேர்லதானே இரிக்கு” என்றான். குரலில் கோபமே இல்லை, கடையில் மாற்றுக் காசு கேட்கிறவன் மாதிரிக் கதைத்தான். “நீங்கதானே பதிஞ்ச? மறந்திட்டீங்களா? சிம் இஞ்ச மேசையிலதான் கிடக்கு. அவளுக்குத் தேவையெண்டா வீட்ட வரச் சொல்லுங்க.”

 

திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். கம்பனிக் கிளையில் குளிரூட்டி போட்ட அறை, இலக்கத் துண்டு எடுத்துவிட்டு வரிசைக்குக் காத்திருக்கிற கதிரைகள். கவுண்டரில் இருந்த தம்பி கழுத்துப்பட்டி கட்டி, மிகவும் மரியாதையாகக் கதைத்தான். மரியாதையாகக் கதைக்கிறவர்களிடம்தான் எனக்கு அந்த நாட்களில் அதிகம் கோபம் வந்தது.

“ஓனர் வந்தா அஞ்சு நிமிச வேலை அம்மா. மிஸ்டரக் கூட்டிக்கொண்டு வாங்க, ரெண்டு பேரும் சைன் வச்சா மாத்தித் தருவம்.”

அவள் புருவத்தைக் காட்டினேன். தையல் இன்னும் வெட்டவில்லை. “அந்த மிஸ்டர்தான் தம்பி இது செய்தது. எப்படிக் கூட்டிக்கொண்டு வாற?”

அவன் கண்ணைத் தாழ்த்தினான். “குடும்பப் பிரச்சினையில நாங்க தலையிடுறதில்ல அம்மா.”

“தலையிட்டாச்சுதானே! அவனுக்கு சிம் குடுத்தது ஆரு? எட்டு வருசமா அந்த நம்பர் ஆருட கையில இரிக்கெண்டு ஒரு கேள்வி கேட்டீங்களா?”

கதிரைகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலை இன்னும் தாழ்த்தி, “வேற நம்பர் ஒண்டு எடுங்களன். இப்பவே சும்மா தாறம்” என்றான். நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது. அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பிறகு பொலிசுக்குப் போனோம். பெண்கள் பிரிவில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. அடித்ததை முறைப்பாடாக எழுதினாள், ஆஸ்பத்திரித் துண்டை வாங்கிப் பார்த்தாள். நம்பர் விசயத்தைச் சொன்னதும் பேனையை வைத்துவிட்டாள். “உசிரு தப்பினது பெரிய காரியம். போன் நம்பருக்கா அழுறீங்க?” என்றாள். கொழும்பில் தங்கையை அனுப்பின ஏஜென்சிக்கும் நாலைந்து தரம் எடுத்தேன். மேடத்துக்குச் சொல்கிறோம் என்றார்கள், கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. உறவுக்காரர், அயலார், கடைக்கு வருகிறவர்கள், எல்லோரும் ஒரே வாயால் சொன்னது அந்த ஒரு வசனம்தான். வேற நம்பர் ஒண்டு எடுங்களன். வீட்டை விட்டது அவள், தையல் மெசினை விட்டது அவள், சின்னவளின் பள்ளிக்கூடத்தை விட்டது அவள். இன்னும் எதை விட வேண்டும் என்று ஒரு பட்டியல் தந்தால் உதவியாக இருக்கும் என்று ஒரு நாள் கடையில் கத்தினேன்.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் போனது. மூன்றாவதுக்கு முன்னால் அவனுடைய பெரியப்பா சமாதானம் பேச வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவன் திருந்திவிட்டானாம், சாப்பிடாமல் கிடக்கிறானாம். “நம்பர் என்ன நம்பர், அவனே தருவான். வா புள்ள வீட்ட. சிம்ம உன்ட கையில தாறது என்ட பொறுப்பு” என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைப் பார்த்து நான் பயந்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை, ரீலோட் போட வந்த ஒருத்தி, அவளைப் பாதையடியில் பையோடும் பிள்ளையோடும் கண்டதாகச் சொன்னாள். கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஸ்கூட்டியில் ஓடினேன். பாதை அங்காலிருந்து வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிள்களும் பால்காரர்களும் நிற்கிற இடத்தில் அவள் நின்றாள்.

“எங்க போறாய்?”

“வீட்ட.”

“சாகவா?”

“அடிப்பான், தெரியும்” என்றாள். “அடிச்சாலும் வெள்ளிக்கிழமை அவள்ட குரல் கேக்குமே மாமி. அவளுக்கு இஞ்ச என்ன நடக்குதெண்டே தெரியாது. நாங்க செத்திட்டம் எண்டு நினைப்பாள். இல்லாட்டி அவள் அங்க என்னவும் செய்து போடுவாள். இந்தப் புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்ற?”

“போ! போய்ச் சாவு!” என்று கத்தினேன். பால்காரர்கள் பார்த்தார்கள். சின்னவள் பயந்து அவள் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள். அந்த வார்த்தையைச் சொன்னதற்கு நான் இன்றைக்கும் என்னையே மன்னிக்கவில்லை. ஆனால் அவள் அழவில்லை. என்னை நேராகப் பார்த்தாள்.

“அப்ப நீங்க எடுத்துத் தாங்க மாமி. அவன்ட பேர்ல பதிஞ்சது நீங்கதானே.”

“தாறன்” என்றேன். எப்படி என்று எனக்குத் துளியும் தெரியாது.  அவள் சின்னவளைத் தூக்கி என் ஸ்கூட்டியில் முன்னால் நிறுத்தினாள். பாதை எங்களை விட்டுவிட்டுப் போனது.

இலவசமாக வழக்குப் பேசுகிற ஒரு சட்டத்தரணிப் பிள்ளையைத் தேடிப் பிடித்தேன். குடும்ப வன்முறைக்கு எதிராகப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்றாள். அவன் அடிக்கக் கூடாது, கிட்ட வரக் கூடாது, தொல்லை கொடுக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டு போனாள். நம்பரையும் எழுதுங்கோ மிஸ் என்றேன்.

“நம்பர எப்படிக் கேக்குற? அது ஒரு பொருளில்லையே, அதுவும் அவன்ட பேர்ல இரிக்கு.”

“பொருளில்லாட்டி அவன் என்னத்துக்குப் பிடிச்சு வச்சிருக்கிறான்? தாலியக் கழட்டிக் குடெண்டா குடுப்பாள் மிஸ், நம்பரக் குடுக்க மாட்டாள்.” வெள்ளிக்கிழமைக் கதையை முழுதாகச் சொன்னேன். வீட்டுக்கு வந்தால் சிம் தருவேன் என்று அவன் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன். அந்தப் பிள்ளை தாளைத் திரும்பவும் இழுத்தெடுத்தாள். பிறகு, அவளை வீட்டுக்கு வரவழைக்க அந்த நம்பரைத் தூண்டிலாகப் பாவிக்கிறான் என்று இரண்டு வரி சேர்த்தாள். நான் பெரிய படிப்பு ஒன்றும் படிக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வரியைப் போல நேராக எழுதினதை நான் வாசித்ததில்லை.

நீதிமன்றத்துக்கு அவன் வெள்ளைச் சேட்டு போட்டுக்கொண்டு பெரியப்பாவோடு வந்தான். அடித்ததை மழுப்பினான். வாய்த்தர்க்கம், தள்ளுப்பட்டது, கதவு பட்டது என்றான். நம்பர் விசயம் வந்ததும் மட்டும் நிமிர்ந்து நின்றான்.

“அது என்ட பேர்ல இரிக்கு ஐயா. சட்டப்படி என்ட.”

நீதவான் வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

“நீர் இப்ப எங்க இருக்கிறீர்?”

“வீட்ட ஐயா.”

“வீடு ஆற்ற பேரில இருக்கு?”

அவன் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தான். பெரியப்பா விட்டத்தைப் பார்த்தார்.

“அவட பேர்ல” என்றான் மெதுவாக.

“அப்ப சட்டப்படி நீர் அங்க ஆர்?”

பின்னால் வாங்கில் இருந்த யாரோ சிரித்து, பொலிஸ்காரர் அதட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு வருடமாக அந்தக் கேள்வியை ஊரில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவள் தாய் கேட்கவில்லை, பெரியப்பா கேட்கவில்லை, சிம் பதிந்த நானும் கேட்கவில்லை. உறுதி எங்கள் பெண்களின் பேரில் இருக்கிறது என்று பெருமை பேசினோமே தவிர, உறுதியை வைத்திருந்தவள் விடியற்காலையில் பாதை ஏறி ஓடினபோது வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் வீட்டை விட்டு வெளியேற வேண்டும், அவளுக்குக் கிட்ட வரக் கூடாது, ஒரு கிழமைக்குள் நம்பரை அவள் பேருக்கு மாற்றிக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று கட்டளை வந்தது. அதற்குள் ஆறு வெள்ளிக்கிழமை போய்விட்டது.

கட்டளையோடு திரும்பவும் டவுனுக்குப் போனேன், நாள் கேட்க. அதே கழுத்துப்பட்டித் தம்பி. கட்டளையைக் கவனமாக வாசித்தான்.

“ஓகே அம்மா. ரெண்டு பேரையும் ஒண்டா வரச் சொல்லுங்க. ஒரே நேரத்தில கவுண்டருக்கு வரணும்.”

“தம்பி, இதில என்ன எழுதிக் கிடக்கு? கிட்ட வரக் கூடாதெண்டு கிடக்கு. உங்கட சட்டம் ரெண்டு பேரையும் பக்கத்தில பக்கத்தில நிக்கச் சொல்லுது. நான் இதில எதக் கிழிக்கிற, சொல்லு.”

“சிஸ்டம் அப்படித்தான் அம்மா.”

நான் அந்தக் கதிரைகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். பதில் வராமல் எழும்ப மாட்டேன் என்றேன். வருகிற ஒவ்வொருவருக்கும் சத்தமாகக் கதையைச் சொன்னேன். அரை மணித்தியாலத்தில் மனேஜர் கதவைத் திறந்துகொண்டு வந்தார், கட்டளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார், கொழும்புக்குக் கதைத்தார். வெளியே வந்து, அவர் காலையில் வந்து கையெழுத்து வைக்கட்டும், அவ மத்தியானம் வரட்டும் என்றார். முடியும் என்றால் முதல் நாளே முடிந்திருக்குமே. அதையும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அவன் வெள்ளிக்கிழமை காலையில் வந்தான். நான் கண்ணில் படுகிற மாதிரி எதிர்க் கதிரையில் இருந்தேன். என்னைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தான், சிம்மைக் கழற்றி மேசையில் எறிந்தான், பெரியப்பாவோடு போய்விட்டான். அவன் பஸ் ஏறிவிட்டான் என்று உறுதியாகத் தெரிந்த பிறகு அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். அவள் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வந்து, தன் அடையாள அட்டையைக் கவுண்டரில் வைத்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் தாய் கீழே இறக்கின அதே அட்டை. எல்லாம் முடிந்து போனில் சிக்னல் வந்தபோது மணி இரண்டு ஐம்பது. வீட்டுக்குப் போக நேரமில்லை. அந்தக் குளிர் அறையிலேயே மூன்று கதிரையில் உட்கார்ந்தோம். சின்னவள் தலையைச் சீவிவிடச் சொன்னாள், சீப்பு இல்லாததால் நான் என் விரலால் சீவிவிட்டேன்.

மூன்று மணி கழித்துச் சில நிமிடத்தில் போன் அடித்தது. திரையில் நம்பர் விழவில்லை. சின்னவளும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். ஹலோ சொல்ல அவள் வாயெடுத்தாள். அதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

“அத்தான், வைக்காதீங்க, வைக்காதீங்க. இண்டைக்காவது அக்காட்டக் குடுங்க. என்னில என்ன கோவம் எண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நான் என்ன பிழை செய்த எண்டு எனக்குத் தெரியா அத்தான். புள்ளையக் கதைக்க விடாட்டியும் பரவாயில்ல, அவள நல்லாப் பாத்துக்கொள்ளச் சொல்லுங்க. நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லுங்க.”

“நான்தான்டி” என்றாள் அவள்.

 அந்தப் பக்கம் ஒரு அழுகை கேட்டது, கம்பனி அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை எடுத்திருக்கிறான். ஒரு வெள்ளி, அக்கா குளிக்கிறாள் என்றானாம். ஒரு வெள்ளி, கோயிலுக்குப் போய்விட்டாள் என்றானாம். பிறகு, உன்னோடு கதைக்க அவளுக்கு விருப்பமில்லை, உன் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டாள் என்றானாம். தங்கை அதை நம்பி, போன கிழமை சாப்பிடாமல் கிடந்து மேடத்திடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். எனக்கு உன்னில கோவமே இல்லையடி, அவன் பொய் சொல்லியிருக்கிறான் என்று இவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். தங்கைக்கு நம்ப நேரம் எடுத்தது. உண்மையாவா, உண்மையாவா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நம்பின இடத்தில் யாரோ அரபியில் அதட்டுகிற சத்தம் கேட்டது. லைன் வெட்டுப்பட்டது.

சின்னவள் போனை வாங்க நீட்டின கையை இன்னும் இறக்கவில்லை.

“எனக்கு?” என்றாள்.

“வாற வெள்ளி, மகள்” என்றாள் பெரியம்மாக்காரி.